ஏ.பி. யூ.எஸ். ஹிஸ்டரி: ஏழு பக்க சிலபஸில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்பு போகிறாள். ஏ.பி. யூ.எஸ். ஹிஸ்டரி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் அமெரிக்க வரலாறு) எடுத்திருக்கிறாள். பள்ளியிலிருந்து ஏழு பக்க சிலபஸ் வந்திருக்கிறது. அவளும் நாங்களும் கையெழுத்துப் போட்டு முதல் வாரமே கொடுக்க வேண்டுமாம். எஸ்ஸே எல்லாம் வகுப்பிலேயே, ஏ.ஐ. தொடக்கூடாது, லேட்டாகக் கொடுத்தால் மார்க் இல்லை, தினம் பத்துப் பதினைந்து பக்கம் வாசிப்பு, இதற்கு மேல் சம்மர் அசைன்மென்ட். ஏ.பி. கால்குலஸுக்குக் கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. வரலாறுதானே, மனப்பாடம் செய்தால் போதாதா? எடுக்கட்டுமா, சாதா வகுப்புக்கு மாற்றிவிடலாமா?

பதில்:

"வரலாறுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் நான்கு வருஷம் வரலாறு நடத்தியபோது நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாம் பானிப்பட் போர் 1526, இரண்டாம் பானிப்பட் போர் 1556, காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. எழுதினால் முழு மார்க். இங்கே வந்து சான்றிதழ் வாங்கி, பத்து வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகள் "ஏபுஷ்" என்று கூப்பிடும் இந்த வகுப்பை நடத்திய பிறகுதான் இது வேறு ஜாதி விளையாட்டு என்று புரிந்தது. உங்கள் கையில் இருக்கும் ஏழு பக்கத்தில் முக்கால்வாசி விதிகளின் காரணமும் அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே விதிகளைப் பிறகு பார்ப்போம், பரீட்சையை முதலில் பார்த்துவிடுவோம்.

மூன்றே கால் மணி நேரப் பரீட்சை. முதலில் 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், மொத்தத்தில் 40 சதவீதம். அடுத்து 40 நிமிடத்தில் மூன்று குறு விடைகள், 20 சதவீதம். பிறகு டிபிக்யூ என்று ஒன்று: ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து ஒரு கேள்விக்கு வாதம் எழுதச் சொல்வார்கள். ஒரு மணி நேரம், 25 சதவீதம். கடைசியில் ஆவணம் ஏதும் இல்லாத நீண்ட எஸ்ஸே, 40 நிமிடம், 15 சதவீதம். கொள்குறி வினாக்களில்கூட "மன்றோ கோட்பாடு எந்த ஆண்டு" என்று ஒரு கேள்வி வராது. ஒரு கடிதத்தையோ கேலிச்சித்திரத்தையோ வரலாற்றாசிரியர் ஒருவரின் பத்தியையோ கொடுத்துவிட்டு, "இதை எழுதியவரின் கருத்து அன்று நடந்த எந்த மாற்றத்தின் எதிரொலி" என்கிற மாதிரி மூன்று நான்கு வினாக்கள் சேர்ந்து வரும். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. எதையும் காலியாக விடக்கூடாது என்று மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு படத்தைச் சொல்கிறேன். 1770 மார்ச் 5, பாஸ்டன். பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். சில வாரத்துக்குள் பால் ரெவீர் என்ற வெள்ளித் தட்டார் அதை ஒரு செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்றார். அந்தப் படத்தை ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் திரையில் போடுவேன். "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகள் கதையைச் சொல்வார்கள்: சிப்பாய்கள் சுடுகிறார்கள், மக்கள் சாகிறார்கள். பிறகு யாராவது ஒருத்தர் கவனிப்பார். சிப்பாய்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பின்னால் அதிகாரி வாளை உயர்த்தி உத்தரவு கொடுக்கிறார். சிப்பாய்களுக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தில் "கசாப்புக்காரன் கூடம்" என்று ஒரு பலகை. அன்று பாஸ்டனில் தெருவெல்லாம் பனி. கூட்டம் பனிக்கட்டியையும் கட்டையையும் எறிந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். படத்தில் பனியும் இல்லை, கட்டையும் இல்லை. அதற்குப் பிறகு வழக்கு விசாரணையைக் கொடுப்பேன். சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் இந்த நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. கேப்டன் விடுதலை, ஆறு சிப்பாய்கள் விடுதலை, இருவருக்கு மட்டும் தண்டனை, அதுவும் கொலைக் குற்றத்துக்கு அல்ல. படம் இன்னொருவருடையதைப் பார்த்துச் செய்தது என்பதையும் கடைசியில் சொல்வேன். முதல் வரிசையில் ஒரு முனகல் கேட்கும்.

இந்த இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது. "அப்படியானால் படம் பொய், தூக்கிப் போடலாமா?" என்று கேட்பேன். மனப்பாடத்தில் கெட்டியான பிள்ளைகள் "ஆமாம்" என்பார்கள். கூடாது. அன்றிரவு என்ன நடந்தது என்பதற்கு அந்தப் படம் மோசமான சாட்சி. ஆனால் பாஸ்டனில் ஒரு கூட்டம் மக்களை எதை நம்பவைக்க விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. யார் செய்தது, யாருக்காக, எந்த நேரத்தில், எதற்காக என்று கேட்டு, அந்தப் பதில் தன் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று இரண்டு வரி எழுதத் தெரிந்தால் டிபிக்யூவில் அதற்கென்றே ஒரு மார்க் இருக்கிறது.

டிபிக்யூவுக்கு மொத்தம் ஏழு மார்க். வாதத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, ஆவணங்களை வாதத்துக்குப் பயன்படுத்துவதற்கு இரண்டு, கொடுத்த ஆவணங்களில் இல்லாத ஒரு சான்றைத் தானாகக் கொண்டு வந்தால் ஒன்று, ஆவணத்தின் பின்புலத்தைச் சொல்வதற்கு ஒன்று, விஷயத்தின் சிக்கலைக் கையாண்டதற்கு ஒன்று. நீண்ட எஸ்ஸேக்கு ஆறு. அழகான ஆங்கிலத்துக்கு மார்க் இல்லை, ஸ்பெல்லிங்குக்கும் இல்லை. கிராமர் பிழைகளோடு ஏழுக்கு ஏழு வாங்கியவர்களையும், கவிதை மாதிரி எழுதி இரண்டு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வாதம் என்றால் என்ன என்பதுதான் நம் பிள்ளைகளுக்கு அக்டோபர் வரை பிடிபடாது. "அமெரிக்கப் புரட்சி 1800க்குள் சமூகத்தை எந்த அளவுக்கு மாற்றியது?" என்று கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். "புரட்சி அமெரிக்காவை அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று பல வகையில் மாற்றியது" என்று எழுதுவார்கள். பூஜ்யம். இதை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாததற்கு வாதம் எதற்கு? "வடக்கு மாநிலங்களில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் வேலை தொடங்கினாலும், தெற்கில் அது அசையாமல் நின்றது, பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்கும் இல்லை; ஆகவே புரட்சி ஆட்சியை மாற்றிய அளவுக்குச் சமூகத்தை மாற்றவில்லை." இதற்கு மார்க் உண்டு. அடுத்த பத்தியில் பென்சில்வேனியாவின் 1780 அடிமை ஒழிப்புச் சட்டத்தைச் சொல்லலாம். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் நியூ ஜெர்சியையும் இழுத்து வருவாள்: அங்கே சொத்து வைத்திருந்த கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் ஓட்டுப் போட்டார்கள், 1807ல்தான் அது பறிக்கப்பட்டது. தன் வாதத்தை இடிக்கிற சான்றைத் தானே கொண்டு வந்து பதிலும் சொல்கிறாள் பாருங்கள், அந்தக் கடைசி மார்க் இதற்குத்தான்.

ஆவணத்துக்கு வெளியே சான்று வேண்டும் என்றேனே, அதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. 1920களில் குடியேறிகள்மீது இருந்த வெறுப்பு பற்றிக் கேள்வி வந்தால் எல்லாரும் 1924 குடியேற்றச் சட்டத்தை எழுதுவார்கள். அதை ஏற்கெனவே ஆவணமாகக் கொடுத்துவிட்டால் கையைப் பிசைவார்கள். பகத் சிங் திண்ட் வழக்கு நம் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் மறக்காது. பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அப்போது குடியேறி வந்தவர்களில் குடியுரிமை வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும். 1922 நவம்பரில் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தோல் எவ்வளவு வெளுப்பு என்பது கணக்கில்லை, காகசியர்தான் வெள்ளையர் என்றது. மூன்று மாதம் கழித்துத் திண்ட் வந்து, இன ஆய்வாளர்கள் வட இந்தியரைக் காகசியரில்தானே சேர்க்கிறார்கள் என்றார். அதே நீதிமன்றம், ஆய்வாளர் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவர்தான் வெள்ளையர் என்று தீர்ப்பைத் திருப்பிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலருக்கும் அது பறிபோனது. 1946ல்தான் இந்தியருக்கு மறுபடி குடியுரிமை திறந்தது, புதிதாகக் குடியேறுவதற்கோ வருஷத்துக்கு நூறு பேர்தான் என்ற கணக்கு. நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965 சட்டம் வந்திராவிட்டால் நீங்களும் நானும் இந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இனி உங்கள் ஏழு பக்கத்துக்கு வருகிறேன்.

எல்லாம் ஆசிரியரின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். வகுப்புக்கு "ஏ.பி." என்று பெயர் வைக்க ஆசிரியர் தன் சிலபஸை, ஏ.பி. பரீட்சைகளை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்புக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒன்பது காலகட்டம், 1491லிருந்து இன்று வரை, அதில் எதற்கு எவ்வளவு எடை என்பது அவர்கள் வகுத்தது. முதல் இரண்டு காலகட்டத்துக்கும் கடைசிக்கும் எடை கம்மி. 1754லிருந்து 1980 வரையான ஆறும் ஒவ்வொன்றும் 10 முதல் 17 சதவீதம். அதனால்தான் பழங்குடிகளையும் ஐரோப்பியரின் வருகையையும் ஆகஸ்டிலேயே முடித்துவிட்டு ஓடுவார்கள். பரீட்சை மே முதல் இரண்டு வாரத்துக்குள். ஏப்ரல் நடுவில் பாடம் முடிந்தால்தான் திருப்புதலுக்கு நாள் மிஞ்சும். நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் உள்நாட்டுப் போரே தாண்டிப் போய்விடும். லேட் வொர்க் விதி கடுமையாக இருப்பதன் காரணம் இந்த ஓட்டம். லேட் மார்க், மறு பரீட்சை, எந்த வகை வேலைக்கு எவ்வளவு சதவீதம் என்பதெல்லாம் பள்ளி மாவட்டமும் ஆசிரியரும் முடிவு செய்வது. அந்தப் பக்கங்களைப் பென்சில் வைத்துக்கொண்டு படியுங்கள். காய்ச்சலுக்கு எத்தனை நாள் அவகாசம், இந்தியா போய் வந்தால் அது அனுமதி பெற்ற விடுப்பா என்று பாருங்கள். டிசம்பரில் இரண்டு வாரம் கூடுதலாக ஊரில் தங்கிவிட்டு வந்து "எக்ஸ்க்யூஸ் பண்ணுங்க" என்று கேட்கும் மெயில் எனக்கு ஒவ்வொரு ஜனவரியும் வரும். தாத்தாவின் சஷ்டியப்த பூர்த்தி எனக்குப் புரியும், கிரேடு புத்தகத்துக்குப் புரியாது.

எஸ்ஸே வகுப்பிலேயே என்பது இரண்டு காரணத்துக்காக. பரீட்சையில் டிபிக்யூவுக்கு ஒரு மணி நேரம்தான், அதில் முதல் கால் மணி வாசிக்க. வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து அழகாக எழுதுவது வேறு திறமை. இன்னொன்று ஏ.ஐ. இதில் நான் கொஞ்சம் பழமைவாதி. ரெவீர் படத்தைப் பார்த்து "பனி எங்கே?" என்று கேட்கிற அந்த ஒரு கணத்தை மெஷினிடம் கொடுத்துவிட்டால் இந்த வகுப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பல ஆசிரியர்கள் இப்போது கையெழுத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். 2025லிருந்து பரீட்சையோ ப்ளூபுக் என்ற செயலியில், தட்டச்சில். ஆகவே அவள் இரண்டுக்கும் பழக வேண்டும். தட்டச்சில் நேரக் கணக்கோடு எழுதிப் பார்க்க வகுப்பில் எத்தனை தடவை வாய்ப்பு என்று ஆசிரியரைக் கேளுங்கள். நியாயமான கேள்விதான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஏ.ஐ. விதியில் சொற்களை உற்றுப் பாருங்கள். "எந்த வகையிலும் கூடாது" என்று சிலர் எழுதியிருப்பார்கள். "படித்துப் புரிந்துகொள்ளலாம், எழுதிக் கொடுப்பது உன்னுடையதாக இருக்க வேண்டும்" என்று சிலர். இலக்கணம் திருத்தும் செயலிகள் எதில் சேரும் என்று எழுதவில்லை என்றால் முதல் வாரமே கேட்டுவிடச் சொல்லுங்கள். பிடிபட்டால் பெரும்பாலும் பூஜ்யத்தோடு நிற்பதில்லை, நேர்மைக் குறிப்பு ஒன்று ஃபைலில் ஏறும். கூட்டாகப் படிப்பதிலும் இந்தக் கோடு எங்கே என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நான்கு தோழிகள் ஆளுக்கு ஓர் அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டு நோட்ஸ் எடுத்து கூகுள் டாக்கில் பகிர்வார்கள். நமக்கு அது சமத்து. பல சிலபஸ்களில் அது காப்பி.

வாசிப்பு குவிஸ் பற்றி: முதல் ஆறு வாரம் மார்க் அறுபது எழுபதில் தொங்கும். பதறிப் பள்ளியின் கவுன்சிலருக்கு (மாணவர் ஆலோசகர்) மெயில் போடாதீர்கள். இவ்வளவு காலம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளை முதல் டிபிக்யூவில் ஏழுக்கு மூன்று வாங்கி வந்து அழும். ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்த மூன்றை நேராக 43 சதவீதம் என்று போடுவதில்லை, ஓர் அட்டவணை வைத்து ஏற்றிப் போடுவார்கள். திருத்தி எழுதிக் கொஞ்சம் மார்க் மீட்கவும் சிலர் விடுவார்கள். சிலபஸில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவள் ஒவ்வொரு தடவையும் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் திருத்தி எழுதிப் போனவர்கள்தான், எனக்குத் தெரிந்து விதிவிலக்கு ஒன்றிரண்டு.

டெக்சாஸில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் பேண்ட், டென்னிஸ், டிபேட் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. ஏ.பி. வகுப்புகளுக்கு மாநிலச் சட்டத்திலேயே இதில் விலக்கு உண்டு. மகள் மார்ச்சிங் பேண்டில் இருந்தால் உங்கள் பள்ளி மாவட்டம் அதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்து வையுங்கள்.

சிலபஸின் கடைசியில் "சர்ச்சைக்குரிய உள்ளடக்கம்" பற்றி ஒரு பத்தி இருக்கக்கூடும். அது வீணுக்கு வந்ததில்லை. 2014ல் காலேஜ் போர்டு பாடத்திட்டத்தை மாற்றியபோது நாட்டின் குறைகளையே பேசுகிறது, பெருமையைப் பேசவில்லை என்று குடியரசுக் கட்சியின் தேசியக் குழு தீர்மானம் போட்டது. கொலராடோவின் ஜெஃபர்சன் கவுண்டியில் கல்விக் குழு இந்தப் பாடத்தை மறுபரிசீலனை செய்யப் போக, அந்தச் செப்டம்பரில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். 2015ல் போர்டு பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதியது. டெக்சாஸில் 2021ல் வந்த சட்டம், இன்றைய சர்ச்சை ஒன்றைப் பேசும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, பேசினால் அரசியல் சார்பில்லாமல் பேச வேண்டும் என்கிறது. அடிமை முறை, பழங்குடிகளின் வெளியேற்றம், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல், ஜப்பானிய அமெரிக்கர்களை முகாமில் அடைத்தது என்று எல்லாம் பாடத்தில் வரும், வந்தே ஆக வேண்டும். ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைச் சொல்ல மாட்டார், "மிஸ், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் நான் இன்னோர் ஆவணத்தைத்தான் நீட்டுவேன்.

காசு விஷயம். பரீட்சைக் கட்டணம் சுமார் 100 டாலர். வகுப்பு ஆகஸ்டில் தொடங்கினாலும் பரீட்சைக்குப் பதிவு இலையுதிர் காலத்திலேயே. போர்டின் கடைசி நாள் நவம்பர் நடுவில். பள்ளிகள் அதற்கும் முன்னால் ஒரு நாள் வைக்கும். தவறினால் 40 டாலர் கூடுதல். பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டாலும் 40. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, கேட்க வெட்கப்பட வேண்டாம். மதிப்பெண் 1 முதல் 5 வரை, ஜூலையில் வரும். வகுப்பு கிரேடு வேறு, இது வேறு.

டெக்சாஸில் அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் எதில் இளங்கலைப் பட்டம் வாங்கினாலும் அமெரிக்க வரலாற்றில் ஆறு கிரெடிட் மணி கட்டாயம், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலும் சரி. ஏபுஷில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் அதில் ஒரு பகுதியோ முழுவதுமோ கழிந்துவிடும். எவ்வளவு என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருக்கும். தனியார் கல்லூரிகள் 4, 5 கேட்கும், சில ஒன்றுமே தராது. பள்ளி ரேங்கில் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் தரும் டாப் 10 சதவீதச் சட்டம் 1997லிருந்து இருக்கிறது, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கட் ஆஃப் அதைவிட இறுக்கம். ரேங்குக்கு, ஏ.பி. வகுப்புக்குக் கூடுதல் எடை தரும் வெயிட்டட் ஜிபிஏ எண்ணப்படுவதால்தான் பாதிப் பிள்ளைகள் இந்த வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். தெரியாததுபோல நடிக்க நான் தயாரில்லை. டூயல் கிரெடிட் என்று கம்யூனிட்டி காலேஜோடு சேர்ந்த வகுப்பும் இருக்கும். அதில் மே பரீட்சை இல்லை, பாஸானால் கிரெடிட் நிச்சயம். ஆனால் அந்த கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிடும். சி வாங்கினால் சி கூடவே வரும். மகள் டெக்சாஸ் அரசுக் கல்லூரிக்குத்தான் போவாள், எழுதுவதில் பெரிய ஆசையில்லை என்றால் டூயல் கிரெடிட் மோசமான வழி அல்ல. நம்மவர்கள் அதை ஏதோ இரண்டாம் தரம் மாதிரி பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

எடுக்கட்டுமா என்று கேட்டீர்கள். நான் ஜிபிஏவைப் பார்க்க மாட்டேன். அவள் கணக்கில் புலி என்பது இங்கே பெரிதாக உதவாது. வீட்டில் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். 1852 ஜூலை 5 அன்று, முன்பு அடிமையாக இருந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைக்கு ஜூலை நான்கு என்றால் என்ன என்று கேட்டுப் பேசிய உரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மூன்று பக்கம் எடுத்துக் கொடுங்கள், ஃபோன் இல்லாமல் இருபது நிமிடம். பிறகு "இவர் யாரிடம் பேசுகிறார், ஏன் கோபமாக இருக்கிறார்?" என்று கேளுங்கள். பாதி புரிந்து, புரியாத மீதியைப் பற்றிக் கேள்வி கேட்டால் தாராளமாக எடுக்கட்டும். "போரடிக்குது, ஓல்ட் இங்கிலீஷ்" என்று தாளைத் தள்ளினால் யோசியுங்கள். அதே வருஷம் ஏ.பி. ஃபிசிக்ஸ், ஏ.பி. கெமிஸ்ட்ரி, ஏ.பி. லாங் (ஆங்கில மொழி) எல்லாம் வைத்திருக்கிறாளா? ஏ.பி. லாங்கோடு சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை. இரண்டு லேப் சயின்ஸோடு சேர்ந்தால் தூக்கம் போகும், இது நான் பார்த்தது. விலகுவதற்குக் கடைசித் தேதி சிலபஸிலோ பள்ளிக் கையேட்டிலோ இருக்கும். அந்தத் தேதியை காலண்டரில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் அவளோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். முதல் குவிஸ் மார்க் வந்த அன்று எடுக்காதீர்கள்.

"எங்களுக்கு இந்த வரலாறு தெரியாதே, எப்படி உதவுவது?" என்று அடுத்து கேட்பீர்கள். தெரியாதது நல்லது. சாப்பாட்டு மேஜையில் "உள்நாட்டுப் போர் முடிந்து கறுப்பருக்கு ஓட்டுரிமை கொடுத்தாகிவிட்டதே, பிறகு எப்படி அறுபதுகளில் மறுபடி போராட வேண்டி வந்தது?" என்று நிஜமாகவே தெரியாமல் கேளுங்கள். அவள் விளக்கித் திணறுகிற இடம்தான் அவள் மறுபடி படிக்க வேண்டிய இடம். உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள். 1781ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான் 1786ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து திப்புவோடு மோதி 1792ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டவர். 1782ல் பென்சில்வேனியாக்காரர்கள் பிரிட்டிஷாரை எதிர்க்க அனுப்பிய போர்க்கப்பல் ஒன்றின் பெயரே "ஹைதர் அலி". புரட்சி பதின்மூன்று காலனிகளின் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை, பிரிட்டன் உலகமெங்கும் அகலக்கால் வைத்திருந்த நேரத்தில் நடந்தது என்று பின்னணிப் பத்தியில் எழுதினால் மார்க் போடுகிறவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு பையன் ஒரு வருஷம் எனக்கு அப்படி எழுதிக் கொடுத்தான். "அப்பா சொன்னார்" என்றான்.

சம்மர் அசைன்மென்ட்டை ஆகஸ்ட் இரண்டாம் தேதி எடுத்துப் பார்க்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பெரும்பாலும் அது முதல் இரண்டு அத்தியாயங்களும் சில கேள்விகளும்தான், நான்கு நாள் வேலை. ஜூலை கடைசி வாரத்தில் தொடங்கட்டும். அதற்கு முன்னால் தொடங்கினால் பள்ளி திறப்பதற்குள் மறந்துவிடும், நானும் முதல் வெள்ளிக்கிழமையே அதில் குவிஸ் வைக்கிற ஆள்தான்.